விற்கும் முன் விலை கேட்டுப் பார்க்கலாமா?

கேள்வி: 2016-இல் ஊட்டியில் பதிவு செய்த பெட்ரோல் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது, நானே முதல் உரிமையாளர். நல்ல விலை வந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இந்த நிலையில் நாலு பேரிடம் சொல்லி விலை கேட்டுப் பார்ப்பது முறையா?
(வாசகர், கோத்தகிரி)

பதில்: தாராளமாகக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் 'வண்டி விற்பனைக்கு' என்று சொல்லிக் கேட்கக் கூடாது. 'விலை படிந்தால் கொடுக்கும் எண்ணம் உண்டு, இன்னும் முடிவு செய்யவில்லை' என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ ஒருவர் அன்றைய வேலையை விட்டுவிட்டு, மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு மலையேறி வந்த பிறகு, 'சும்மா விலை கேட்டேன்' என்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

தொலைபேசியில் சொல்லும் விலையைக் கணக்கில் கொள்ளாதீர்கள். காலைக் குளிரில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டு, ஏற்றத்தில் ஓட்டி கிளட்ச்சைச் சோதித்து, கதவின் அடிவிளிம்பிலும் கால்மிதி விரிப்புக்கு அடியிலும் துரு உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தவர் சொல்லும் தொகையே விலை. நம் மலைச் சாலைகளில் ஏறி இறங்கும் வண்டி ஓடிய கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் அதன் கிளட்ச்சும் பிரேக்கும் கூடுதலாகத் தேய்ந்திருக்கும் என்பது கீழிருந்து வருபவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பார்கள். அந்த இரண்டையும் முன்கூட்டியே சரிபார்த்து, மாற்றிய பாகங்களின் பில்களை எடுத்து வையுங்கள்.

கீழ்நாட்டில் மட்டும் கேட்டுவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்க, ஊட்டியில் பதிவான, டிஎன் 43 பதிவெண் கொண்ட வண்டிகளுக்கு விலக்கு இருக்கிறது. இங்கே வீடோ தோட்டமோ வைத்துக்கொண்டு அடிக்கடி வந்துபோகும் ஒருவருக்கு உங்கள் பதிவெண்ணே ஒரு வசதி. வங்கிக் கடன் இருந்திருந்தால், ஆர்.சி.யிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டதா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானும் விற்பதா வேண்டாமா என்ற யோசனையில்தான் இருக்கிறேன். அதற்குள் ஒருவர், 'ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், வேறு யாருக்கும் காட்டாதீர்கள். வண்டியை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்கிறார். சம்மதிக்கலாமா?
(வாசகி, கூடலூர்)

பதில்: இரண்டுக்குமே சம்மதிக்காதீர்கள். பணம் கை மாறிவிட்டால் பேச்சு முடிந்துவிட்டதாகவே அவர் எடுத்துக்கொள்வார். பிறகு மனம் மாறுவது உங்களுக்குத்தான் சங்கடம். ஓட்டிப் பார்க்க விரும்பினால், ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துவிட்டு, நீங்களோ உங்கள் வீட்டார் ஒருவரோ பக்கத்தில் அமர்ந்துகொண்டு கொடுங்கள். வண்டி கைமாறியிருந்தாலும் பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, விற்பது என்று முடிவெடுக்கும் நாளில், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து ஆன பிறகே சாவியைக் கொடுங்கள்; விற்ற 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை, அதை வாங்குபவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட வேண்டாம்.