தெப்பக்குளத்தில் நாலு சுற்று ஓடுகிறேன், 21 கிலோமீட்டர் முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 39. மூன்று வருடமாக வாரத்தில் மூன்று நாள் வண்டியூர் தெப்பக்குளத்தை நாலு சுற்று ஓடிவருகிறேன். அலுவலகத் தோழிகளோடு சேர்ந்து ஜனவரி கடைசியில் வரும் அரை மாரத்தானுக்குப் பணம் கட்டிவிட்டேன். இன்னும் 16 வாரம் இருக்கிறது. ஆனால் எட்டு கிலோமீட்டர் தாண்டினாலே மூச்சு முட்டுகிறது, மறுநாள் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது. கூட ஓடும் தம்பி ஒருவர் கொடுத்த அட்டவணை வாரத்தில் ஆறு நாள் ஓடச் சொல்கிறது. "நாப்பது வயசுல இது எதுக்குத்தா?" என்கிறார் அத்தை. கட்டிய பணம் வீண்தானா?
– வாசகி, காமராசர் சாலை, மதுரை

பதில்: வீண் இல்லை. மூன்று வருடம் விடாமல் ஓடியவருக்கு 16 வாரம் போதும். அந்த அட்டவணையை மட்டும் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓடிவிட்டு வீட்டுக்கு வந்தால் தட்டில் சாப்பாடு தயாராக இருக்கும் ஆளுக்குப் போட்டது அது.

நாலு சுற்றை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் தெரிகிறது, தினமும் போட்டி மாதிரி ஓடுகிறீர்கள். எட்டில் மூச்சு முட்டுவது தூரத்தால் இல்லை, வேகத்தால். பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்று வைத்த குழம்பைப் பற்றி நாலு வாக்கியம் திணறாமல் சொல்ல முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். வாக்கிங் போகும் பெரியவர்கள் முந்திப் போகட்டும், கண்டுகொள்ளாதீர்கள். இன்னொன்று, மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகும். வேகமாக ஓடுகிறவர்களுக்கு இந்த இடைவெளியில்தான் கால் போகிறது.

செவ்வாய், வியாழன் ஐந்து கிலோமீட்டர், ஞாயிறு நீண்ட ஓட்டம், இந்த மூன்று நாள் போதும். ஞாயிறு எட்டில் தொடங்கி வாரம் ஒன்று கூட்டுங்கள், நாலாவது வாரம் குறைத்துவிடுங்கள்: 8, 9, 10, மறுபடி 8. பிறகு 11, 12, 13, 10. இப்படியே போனால் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது 18 வந்துவிடும். அதற்கு மேல் பயிற்சியில் வேண்டாம். கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்கிக் காலுக்கு ஓய்வு கொடுங்கள். அந்த நாட்களில் பயம் வந்து கூடுதலாக ஓடத் தோன்றும், ஓடாதீர்கள்.

நடுவில் நடக்கலாமா என்றால், தாராளமாக. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பிற்காலத்தில் பரப்பிய முறையே ஓட்டமும் நடையும்தான். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. களைத்த பிறகு நடப்பதில் பெரிய பயன் இல்லை, முதல் ஐந்து நிமிடத்திலிருந்தே நடக்க வேண்டும். அழகர்கோவிலிலிருந்து மதுரைக்கும் கிட்டத்தட்ட இதே 21 கிலோமீட்டர்தான். அழகரே மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்றுதான் வருகிறார்! நடையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் ஆனாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடுவீர்கள். போட்டிக்கு நேர வரம்பு உண்டா என்று மட்டும் இப்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

18 கிலோமீட்டரையும் தெப்பக்குளத்திலேயே ஓடினால் பதினாலு, பதினைந்து சுற்று வரும். ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி ஒரு காலுக்கே பாரம் ஏறும். பாதியில் திசையை மாற்றுங்கள். தூரம் கூடிய பிறகு தோழிகளோடு அழகர்கோவில் சாலைக்குப் போகலாம், தனியாக வேண்டாம். எதிரே வண்டி வருவது தெரிகிற மாதிரி வலது ஓரமாக ஓடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் தணிந்தாலும் புழுக்கம் போகாது, ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துபோய் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், அது ஆபத்து. ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் கையில் வாழைப்பழமோ பேரீச்சையோ இருக்கட்டும். கடலை மிட்டாய் மூச்சு வாங்கும்போது தொண்டையில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வயிறு ஏற்றுக்கொண்டதை மட்டும் போட்டியன்று சாப்பிடுங்கள். ஷூவும் அப்படித்தான், அன்றைக்குப் புதுசு போடக்கூடாது.

எலும்பு வலியை அலட்சியம் செய்யாதீர்கள். நீளவாக்கில் பரவலாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால், வேகத்தைத் தணித்துத் தூரத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். படிக்கட்டில் நின்று குதிகாலை மெல்ல ஏற்றி இறக்குவதும் உதவும். ஒரு விரல் வைத்துக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தாலோ, ராத்திரி படுத்த பிறகும் வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் நுண்ணிய விரிசலாக இருக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தாலோ, குடும்பத்தில் சின்ன வயதிலேயே யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தாலோ, தூரத்தைக் கூட்டும் முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

அத்தைக்கு என்ன பதில் சொல்வதென்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் வீட்டு அரசியல். ஆனால் டிசம்பர் ஞாயிறுகளில் நீங்கள் வீடு திரும்ப எட்டு மணி ஆகும். அன்று இட்லி ஊற்றப்போவது யார் என்பதை உங்கள் வீட்டுக்காரரிடம் இந்த வாரமே பேசி முடித்துவிடுங்கள்.