பவர் ஏறுகிறதா? முதலில் கண் உலர்வைச் சரிசெய்யுங்கள்

கேள்வி: எனக்கு வயது 24. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. தினமும் பத்து மணி நேரம் கணினிதான். இரண்டு வருடத்தில் பவர் மைனஸ் 3.25-லிருந்து 4.25 ஆகிவிட்டது. மாலையானால் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது, எழுத்துகள் மங்குகின்றன. போன மாதம் மாற்றிய கண்ணாடிகூடச் சரியாக இல்லை. லேசிக் செய்துகொள்ளலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதலில் உலர்வுக்கு மருத்துவம், பிறகு பவர் சோதனை, அதற்கும் பிறகுதான் லேசிக், அதாவது லேசரால் கருவிழியைச் செதுக்கிப் பவரைப் போக்கும் சிகிச்சை பற்றிய பேச்சு. இந்த வரிசை மாறக் கூடாது.

கண்ணுக்குள் நுழையும் ஒளியை முதலில் வளைப்பது கருவிழியின் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலம். அது திட்டுத்திட்டாக உலர்ந்திருக்கும்போது பவர் பார்த்தால் கால், அரை என்று தவறாக வரலாம்; கருவிழியின் சீரற்ற வளைவுக்குத் தரும் சிலிண்டர் பவரும் மாறித் தெரியும். உங்கள் புதுக் கண்ணாடி பொருந்தாததற்கு இது காரணமாக இருக்க வாய்ப்புண்டு. மங்கும்போது இரண்டு மூன்று முறை முழுதாக இமைத்துப் பாருங்கள். உடனே தெளிந்து, சில நொடிகளில் மறுபடி மங்கினால் கோளாறு பெரும்பாலும் கண்ணீரில்தான்.

சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது ஐந்தாறாகக் குறைகிறது. அதிலும் பல இமைப்புகள் அரைகுறை. இமை முழுதாக மூடினால்தான் அதன் ஓரத்திலுள்ள மெய்போமியன் சுரப்பிகள் அழுந்தி எண்ணெய் வெளிவரும். அந்த எண்ணெய்தான் கண்ணீர் ஆவியாகாமல் காக்கிறது. அரைகுறையாகவே இமைத்தால் நாள்பட அது உள்ளேயே கெட்டியாகி அடைத்துக்கொள்கிறது. உறுத்தும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் அடித்துக் கழுவுவது இருக்கிற கொஞ்ச எண்ணெயையும் கழுவிவிடும்.

அடைப்பை இளக்க வெந்நீர் ஒத்தடம். சுத்தமான பருத்தித் துணியை மணிக்கட்டின் உட்புறம் தாங்கும் சூட்டில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகள்மேல் பத்து நிமிடம் வையுங்கள். துணி இரண்டே நிமிடத்தில் ஆறிவிடும். மறுபடி மறுபடி நனைக்க வேண்டும். பலருக்குப் பலன் கிடைக்காமல் போவது இந்த இடத்தில்தான். ஒத்தடம் முடிந்ததும் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மென்மையாக நீவுங்கள். முதல் மாதம் காலை, இரவு இரு வேளை. பிறகு ஒரு வேளை போதும்.

கூடவே கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதச் சொட்டு மருந்து, நாளுக்கு நான்கு முறை. அதற்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தி (மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்) கலக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி அடிக்கடி பட்டால் கருவிழியின் மேற்பரப்பையே புண்ணாக்கும். ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடியிருங்கள். இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும்.

சிவப்பை உடனே போக்கும் சொட்டு மருந்துகள் வேண்டாம். நிறுத்தியதும் சிவப்பு அதிகமாகத் திரும்பும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு இன்னும் ஆபத்து: கண் அழுத்த நோயும் கண்புரையும் வரலாம். பன்னீர், தேன், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். நீல ஒளி தடுக்கும் கண்ணாடிக்குக் கூடுதல் பணம் தரத் தேவையில்லை. கண் களைப்பை அது குறைப்பதாக நல்ல சான்று இல்லை.

திரை 50 முதல் 70 செ.மீ. தூரத்தில், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். பார்வை தாழ்ந்தால் கண் திறந்திருக்கும் பரப்பு குறையும். ஏசி காற்று முகத்தில் நேராகப் படக் கூடாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 நொடி பாருங்கள். அப்போது பத்து முறை முழுதாக இமையுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின், ஒவ்வாமைக்கு செட்டிரிசின் போன்றவை சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டுமே கண்ணை உலர்த்தும்.

ஆறு வாரம் கழித்து, காலை நேரத்தில் பவர் பாருங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவரானால் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். அப்போதும் ஏறியே இருந்தால் காரணம் தேட வேண்டும். இருபதுகளிலும் கண்கோளம் மெல்ல நீளலாம். கிட்டத்திலேயே பார்த்துப் பார்த்துக் குவியத் தசை இறுகிப் போனாலும் பவர் கூடியதுபோல் காட்டும். தசையைத் தளர்த்தும் சொட்டு விட்டுச் சோதித்தால் இது வெளிப்படும். ரத்தச் சர்க்கரை ஏறினாலும் பவர் மாறும். கண்ணை அடிக்கடி கசக்கும் பழக்கமும், ஏறிக்கொண்டே போகும் சிலிண்டர் பவரும் சேர்ந்திருந்தால் கருவிழி கூம்பிப்போகும் கெரட்டோகோனஸ் இருக்கிறதா என்று டோப்போகிராபி (கருவிழியின் வளைவைப் படமாக்கும் சோதனை) எடுத்தே ஆக வேண்டும். அந்த நோயுள்ள கண்ணுக்கு லேசிக் செய்தால் பார்வை மேலும் கெடும். பவரைக் குறைத்துக் கண்ணாடி போட்டால் ஏற்றம் நிற்கும் என்று சொல்வார்கள், நிற்காது.

லேசிக்குக் குறைந்தது ஒரு வருடம் பவர் அரைக்கு மேல் மாறாமல் இருக்க வேண்டும். அந்தச் சிகிச்சை கருவிழி நரம்புகளை வெட்டுவதால் உலர்வு பல மாதங்கள் கூடும். இருக்கிற உலர்வோடு போனால் அவதி அதிகம். லேசிக் கண்ணாடியைக் கழற்ற உதவும், நீண்ட கண்கோளத்தைச் சுருக்காது. விழித்திரை கிழியும் அபாயம் அப்படியே இருக்கும். அதனால் வருடம் ஒருமுறை பாவையை (கண்மணியை) விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென ஒளிக்கீற்று, கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை விழுந்ததுபோல் மறைப்பு தெரிந்தால் அன்றைக்கே போங்கள்: கிழிசலாக இருக்கும்போதே லேசரால் அடைத்துவிடலாம், பிரிந்துவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

சோதனைக்குப் போகும்போது பழைய கண்ணாடிச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.