பெருந்தொற்று வந்தா நெருக்கமான சிட்டில இருக்கறது ஆபத்தா?

கேள்வி என்னன்னா, சதுர கிலோமீட்டருக்கு இத்தனை ஆயிரம் பேர்னு அடைஞ்சு கெடக்கற பெரிய நகரங்களாலதானே கொரோனா இவ்ளோ பரவுச்சு, இனிமே ஜனங்க சிட்டியை விட்டு வெளிய போறதுதானே புத்திசாலித்தனம்?

2020ல எல்லாரும் இதையேதான் சொன்னாங்க, அதுவும் நியூயார்க்கைக் காட்டிக் காட்டிச் சொன்னாங்க. ஆனா அந்த நியூயார்க் உள்ளயே போய்ப் பாத்தா கணக்கு இடிக்குது. அங்க ஜன அடர்த்தி ரொம்ப ஜாஸ்தி மன்ஹாட்டன்ல, ஆனா முதல் அலைல மக்கள்தொகை விகிதப்படி பெரிய அடி வாங்கினது குவீன்ஸும் பிராங்ஸும்தான். தனி வீடுங்க நெறைய இருக்கற ஸ்டேட்டன் ஐலண்டுல கூட மன்ஹாட்டனை விட அதிகமாப் பரவுச்சு. அமெரிக்காவுல நவஹோ பழங்குடி மக்களோட பகுதின்னு ஒண்ணு இருக்கு, கிட்டத்தட்ட 70,000 சதுர கிலோமீட்டர், கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் வெட்டவெளி, 2020 மே மாசம் தொற்று விகிதத்துல நியூயார்க் மாநிலத்தையே தாண்டிப் போச்சு. ஏன்னா ஒரே வீட்டுல மூணு தலைமுறை, பல வீட்டுல கைகழுவக் குழாய்த் தண்ணியே கெடையாது.

அதனால என்னைக் கேட்டா ஊரோட அடர்த்தியைப் பாக்காதீங்க, ஒரு ரூம்ல எத்தனை பேரு, எவ்ளோ நேரம், காத்து போகுதா வருதா, இதைப் பாருங்க.

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச சூப்பர் உதாரணம் தென்கொரியத் தலைநகர் சியோல்ல ஒரு 19 மாடி பில்டிங். கீழ எல்லாம் ஆபீஸு, மேல குடியிருப்பு, 11வது மாடில ஒரு கால் சென்டர். 2020 மார்ச்ல அங்க தொற்று வந்ததும் பில்டிங்கையே மூடிட்டு 1,143 பேருக்கு டெஸ்ட் எடுத்தாங்க, 97 பேருக்கு பாசிட்டிவ். அதுல 94 பேரு அந்த 11வது மாடி ஆளுங்க, அங்க வேலை பாத்ததே மொத்தம் 216 பேருதான், அதுலயும் பெரும்பாலானவங்க ஹாலோட ஒரே பக்கமா உக்காந்திருந்தவங்க. இத்தனைக்கும் லாபி, லிஃப்ட் எல்லாம் அத்தனை பேருக்கும் பொது, மேல குடியிருந்தவங்களும் அதே பில்டிங்தான். ஒரே லிஃப்ட்ல போனவங்க பெரும்பாலும் தப்பிச்சுட்டாங்க, பக்கத்து சீட்ல நாள் முழுக்க ஃபோன்ல பேசிட்டே இருந்தவங்க மாட்டிக்கிட்டாங்க. உயரமான பில்டிங், நெருக்கமான சிட்டி ரெண்டுமே இங்க இருந்துச்சு, ஆனா நோய் ஒரு ஹாலைத் தாண்டி அவ்ளோவா போகல.

சிங்கப்பூர்லயும் இதே கதைதான், 2020ல வந்த சுமார் 58,000 கேஸ்ல ரொம்பப் பெரும்பாலானவை வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிங்கள்ல, ஒரே ரூம்ல அடுக்குக் கட்டில் போட்டு பத்துப் பேருக்கு மேல தங்கினவங்க. ஊருக்குள்ள அடுக்குமாடி வீடுங்கள்ல இருந்தவங்களுக்கு அந்தளவு இல்ல. மும்பைல 2020 ஜூலைல மூணு வார்டுல ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாத்தப்போ குடிசைப் பகுதில 57 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்துச்சு, அதே வார்டுங்கள்ல மத்த இடங்கள்ல 16 சதவீதம்தான். ஒரே வார்டு சார்!

சரி, அடர்த்தியால பிரச்சினையே இல்லைன்னு சொல்லிட முடியுமான்னா அதுவும் முடியாது. ஹாங்காங் 75 லட்சம் பேரு, உலகத்துலயே நெருக்கமான ஊருங்கள்ல ஒண்ணு, 2020 முடியும்போது சாவு 200 கூட இல்ல, எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க, ஆனா 2022 ஆரம்பத்துல ஓமிக்ரான் வந்து சில மாசத்துலயே ஒம்பதாயிரம் பேரு கிட்ட செத்துப் போய்ட்டாங்க, அதுல பெரும்பாலும் தடுப்பூசி போடாத வயசானவங்க. நெருக்கமான ஊர்ல தீ பத்தினா வேகமா எரியும், அது நெசம். ஆனா டெஸ்ட், ஊசி, ஆஸ்பத்திரி எல்லாம் வேகமாக் கொண்டு சேர்க்கறதும் அதே ஊர்லதான் ஈஸி.

ஜனங்க சிட்டியை விட்டுப் போனாங்களான்னா, பணம் இருக்கறவங்க பெரும்பாலும் அதே சிட்டியோட வெளி வட்டத்துல பெரிய வீடா பாத்துப் போனாங்க, அவ்ளோதான். இந்தியாவுல 2020 மார்ச் லாக்டவுன்ல நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஊருக்குப் போன தொழிலாளிங்களை இந்தக் கணக்குல சேர்க்கவே கூடாது, வேலையும் வாடகைக்குக் காசும் இல்லாம துரத்தப்பட்டவங்க அவங்க. நெஜமா அடி வாங்கினது ஆபீஸ் ஏரியாதான், வீட்டுலேர்ந்தே வேலைன்னு ஆனதும் சான் ஃபிரான்சிஸ்கோல 2023 வாக்குல ஆபீஸ் இடத்துல மூணுல ஒரு பங்கு கிட்ட காலி. சில ஊர்ல ரோடும் மாறுச்சு, பாரிஸ்ல ரூ த ரிவோலின்ற மெயின் ரோட்டுல பெரும்பகுதியை 2020ல சைக்கிளுக்கு விட்டாங்க, அது அப்படியே நெலைச்சுடுச்சு.

எனக்கு இதுல ஒரு ஆதங்கம் இருக்கு. காலரா வந்து ஜனங்க செத்தப்புறம், 1858ல தேம்ஸ் நதி நாத்தமும் தாங்காமதான் லண்டன் பெரிய சாக்கடைங்களைக் கட்டுச்சு. நியூயார்க்ல 1901ல சட்டமே போட்டாங்க, புதுசா கட்டற வாடகைக் குடியிருப்புல ஒவ்வொரு ரூமுக்கும் வெளிக்காத்து வர்ற ஜன்னல் இருக்கணும்னு. இந்தத் தடவை காத்துல பரவுற நோய், ஆனா உள்காத்துக்கு அந்த மாதிரி கறாரா சட்டம் போட்ட ஊரு ரொம்பக் கம்மி. அமெரிக்காவுல ஏசி இன்ஜினியர்கள் சங்கமான ஆஷ்ரே 2023ல 241ன்னு ஒரு தரக்கட்டுப்பாடு கொண்டுவந்தாங்க, தொற்று நேரத்துல ஒரு ரூம்ல தலைக்கு எவ்ளோ சுத்தமான காத்து வேணும்னு அதுல இருக்கு, ஆனா சட்டமாக்கினாத்தான் கட்டடக்காரன் கேப்பான். அதனால வீடு மாத்தணும்னு யோசிக்கிறவங்க ஊரு பேரைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஜன்னலைத் தொறந்து எதிர்ப்பக்கம் காத்து போகுதான்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.