லக்சம்பர்க் சின்ன நாடுதான், வீடு தேடும்போது மட்டும் சின்னதில்லை

தம்பி, லக்சம்பர்க் தலைநகரின் அலுவலகப் பகுதியான கிர்ஷ்பெர்க்கில் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வாழ்த்துகள். "மேப்பில் புள்ளி மாதிரி இருக்கிற நாடு, எங்கே வீடு எடுத்தாலும் ஆபீஸ் பக்கம்தானே? மொத்தமே எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டுதான் வந்து இறங்கினேன்.

பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. வடக்குத் தெற்காக 82 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 57. கடல் கிடையாது, பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் சுற்றி நிற்கின்றன. மக்கள் ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. குமரி மாவட்டத்தில் 2011-லேயே 18 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணைப் பார்த்தால் எல்லாம் கைக்கெட்டும் தூரம். நான் ஏமாந்ததும் அதில்தான். வாடகை குறைவு என்று வடக்கே வில்ட்ஸில் வீடு எடுத்தேன். வடக்கு மூன்றில் ஒரு பங்கு ஓஸ்லிங், ஆர்டென் மேட்டுநிலத்தின் தொடர்ச்சி. நாட்டிலேயே உயரமான இடமான க்னைஃப் வெறும் 560 மீட்டர், ஏற்காட்டின் உயரத்தில் பாதி கூடத் தேறாது. ஆனால் ஆறுகள் ஆழமாக அறுத்த பள்ளத்தாக்குகள், வளைந்து வளைந்து போகும் சாலைகள், ஜனவரியில் கண்ணாடி மாதிரி உறைந்த தரை. ஆபீஸுக்குப் போகக் கௌட்டன்பாக்கில் ரயில் மாற வேண்டும், ஒருவழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே குளிர்காலம்தான் தாங்கினேன்.

தெற்கே குட்லாண்ட், பெயரே நல்ல நிலம் என்றுதான் பொருள். வயலும் காடும் தாழ்ந்த குன்றுமாக இருக்கும். பெரும்பாலான மக்கள் இந்தப் பக்கம்தான். கிழக்கு எல்லையில் மொசெல் ஆற்றங்கரை முழுக்கத் திராட்சைத் தோட்டம். விசா ஒட்டும்போது பார்த்த 'ஷெங்கன்' என்ற சொல் அங்கிருக்கும் ஒரு கிராமத்தின் பெயர். எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்கும் ஷெங்கன் ஒப்பந்தம் 1985-ல் அங்கே ஆற்றில் நின்ற கப்பலில்தான் கையெழுத்தானது. தென்மேற்கில் எஷ் பக்கம் செம்மண் பூமி. இரும்புத் தாது எடுக்க இத்தாலியர்கள் வந்தார்கள், 1960-களுக்குப் பிறகு கட்டட வேலைக்குப் போர்ச்சுகீசியர்கள். இன்று மக்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் வெளிநாட்டவர், அவர்களில் போர்ச்சுகீசியர்களே அதிகம். தலைநகரில் மட்டும் எடுத்தால் பத்துக்கு ஏழு பேர் நம்மைப் போல வந்தவர்கள். இந்தியர்கள் சில ஆயிரம். ஆகவே அந்நியமாக இருக்குமோ என்று கவலைப்படாதீர்கள். கடையில் பிரெஞ்சு, அக்கம்பக்கத்தில் 'மோயென்' என்று ஒரு வணக்கம், அது போதும் ஆரம்பத்துக்கு.

மக்கள் தொகையில் ஒரு சூட்சுமம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் 5,12,353 பேர், 2021-ல் 6,43,941. பத்தே வருஷத்தில் நாலில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதுவும் இரவில் இங்கே தூங்குகிறவர்கள் கணக்குதான். பகலில் இன்னும் சுமார் 2,30,000 பேர் எல்லை தாண்டி வேலைக்கு வந்து சாயங்காலம் திரும்புகிறார்கள், பாதிக்கு மேல் பிரான்சிலிருந்து. காலை ஏழரை மணிக்குத் தெற்கு நெடுஞ்சாலையைப் பார்த்தால் கிண்டி கத்திப்பாரா ஞாபகம் வரும். வாடகை ஏன் இப்படிக் கொதிக்கிறது என்பதும் அப்போது புரியும்.

"அப்போ நானும் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்சின் தியோன்விலிலோ ஜெர்மனியின் ட்ரியரிலோ வீடு எடுத்துக்கொள்கிறேன்" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். எல்லையில் சாதாரணமாக யாரும் நிறுத்துவதில்லை என்பதால், எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கலாம் என்று ஆகிவிடாது. உங்கள் கையில் இந்திய பாஸ்போர்ட். லக்சம்பர்க் குடியிருப்பு அட்டையை வைத்துக்கொண்டு பக்கத்து நாட்டுக்குப் போய்வரலாம், குடிபோக முடியாது. அதற்கு அந்த நாட்டின் அனுமதி தனியாக வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் இது தெரியாமல் முன்பணம் கட்டிவிட்டுத் தவித்தார்.

சரி, எங்கே பார்க்கலாம்? நான் இப்போது இருப்பது எட்டல்புரூக், நாட்டின் நடுப்பகுதி. மெர்ஷும் பரவாயில்லை. இரண்டும் ரயில் பாதையில் இருக்கின்றன; ஃபாஃபென்டால்-கிர்ஷ்பெர்க் நிலையத்தில் இறங்கினால் மலையேறும் ரயில் பெட்டி மேலே டிராம் நிறுத்தத்தில் கொண்டுபோய் விடும். 2020 மார்ச் முதல் நாட்டுக்குள் பஸ், டிராம், ரயில் இரண்டாம் வகுப்பு எல்லாம் இலவசம், அதனால் தூரத்துக்கான செலவு நேரம் மட்டும்தான். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வாரநாளில் காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி ஆபீஸ் வரை ஒருதடவை போய்ப் பாருங்கள்.