மாடித் தோட்டத்துத் தக்காளி மழையில் கருகுகிறது: காப்பர் மருந்து அடிக்கலாமா?

பெங்களூருவில் மொட்டை மாடியில் தக்காளியும் பீர்க்கனும் வளர்க்கிறீர்கள். மழை பிடித்ததும் இலைகள் கருகிவிடுகின்றன. காப்பர் மருந்து அடிக்கலாமா, எவ்வளவு அடிக்கலாம், வீட்டில் சாப்பிடும் காய்க்கு அது சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடிக்கலாம். ஆனால் கருகிய பிறகு அடித்தால் அந்த இலை பிழைக்காது. பன்னிரண்டு பைகளில் வளர்த்த தக்காளிச் செடிகளைப் பறிகொடுத்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வந்து குடியேறிய முதல் வருடம். செப்டம்பர் மாதம், செடிகளில் காய் பிடித்திருந்தது. மூன்று நாள் விடாமல் தூறல். நான்காம் நாள் காலையில் மாடிக்குப் போனால், வெந்நீர் ஊற்றியதுபோல இலைகளில் கரும்பச்சைத் திட்டுகள். இலையைத் திருப்பினால் அடியில் மெல்லிய வெள்ளைப் பூசணம். பின் இலைக்கருகல் நோய் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஓடிப்போய் காப்பர் ஆக்ஸி குளோரைடு வாங்கி வந்தேன். சீக்கிரம் குணமாகட்டும் என்று சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு கரைத்து அடித்தேன். ஒரே வாரத்தில் தண்டும் காயும் பழுப்பாகிச் சரிந்துவிட்டன. பக்கத்தில் நன்றாக இருந்த பீன்ஸ் செடிகளின் இலை ஓரங்களும் தீய்ந்துபோயின. அது நோய் இல்லை, நான் அடித்த மருந்தின் சூடு.

எதிர் வீட்டுப் பெரியவருக்குத் தீர்த்தஹள்ளிப் பக்கம் பாக்குத் தோட்டம் உண்டு. செடிகளைப் பார்த்துவிட்டு, "மளெ பந்த மேலெ ஹொடெதரெ ஏனு ப்ரயோஜன?" என்று கேட்டார். மழை வந்த பிறகு அடித்து என்ன பிரயோஜனம் என்று அர்த்தம். அந்த மலைப்பகுதியான மலநாட்டில் பாக்குக் காய்களைக் கொளெ ரோகம் அழுகவைக்கும். அதற்காக மழைக்காலம் தொடங்கும் முன்பே மரமேறிக் குலை குலையாகப் போர்டோ கலவை என்ற காப்பர் மருந்தை அடித்துவிடுவார்களாம். மழை நீண்டால், இடையில் வெயில் கண்ட நாளில் இன்னொரு தடவை.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் எப்போது அடிப்பது என்பதில் குழப்பம் வராது. காப்பர் இலைக்குள் இறங்கும் மருந்து இல்லை. இலையின் மேல் ஒரு படலமாகக் காய்ந்து கிடக்கும். பனியிலோ தூறலிலோ இலை நனையும்போது அதிலிருந்து கொஞ்சம் தாமிரம் கரையும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சை வித்தும் முளைக்கப் பார்க்கும். முளைக்கும் வித்து தாமிரத்தை உறிஞ்சிச் செத்துப்போகும். ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சையை இந்தப் படலம் தொடவே தொடாது. அடித்த பிறகு துளிர்த்த இலைக்கும் காவல் கிடையாது. பெருமழை பெய்தால் படலமும் கழுவிப்போகும்.

இந்த மருந்து பிறந்த கதையும் இதையேதான் சொல்கிறது. 1880களில் பிரான்சின் போர்டோ பக்கம் திராட்சைத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, பாதையோரக் கொடிகளில் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்தார்கள். அந்த வட்டாரம் முழுக்க அடிச்சாம்பல் நோய் பரவிக்கொண்டிருந்த காலம். தெளித்த கொடிகளில் மட்டும் இலை நின்றதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டார். போர்டோ கலவை என்ற பெயர் அப்படி வந்ததுதான். அந்தக் கொடிகளில் நோய்க்கு முன்னாலேயே மருந்து இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

சரி, எதற்குக் கேட்கும்? தக்காளி, உருளையில் வரும் முன் இலைக்கருகல், பின் இலைக்கருகல், பீர்க்கன், வெள்ளரியில் வரும் அடிச்சாம்பல் நோய், தக்காளி, மிளகாயில் பாக்டீரியாவால் வரும் இலைப்புள்ளி. முன் இலைக்கருகலில் திட்டுக்குள் வளையம் வளையமாகத் தெரியும். அடிச்சாம்பலில் நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள் விழும். இலை மேலே மாவு தூவியதுபோல் வருவது வேறு சாம்பல் நோய். அதற்குக் கந்தகம்தான் நல்லது. இலை சுருண்டு குட்டையானால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். காயின் அடி கறுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவும் தாறுமாறாகத் தண்ணீர் விடுவதும் காரணம். பச்சையாக இருந்த செடி திடீரென்று வாடி விழுந்தால் வேர் வழியாக வந்த வாடல். இந்த மூன்றுக்கும் காப்பர் அடிப்பது வீண்.

மாடித் தோட்டத்துக்கு 50 சதவீதக் காப்பர் ஆக்ஸி குளோரைடு தூள் வசதியானது. பொதுவாக லிட்டருக்கு 2.5 கிராம். ஆனால் நீங்கள் வாங்கும் பொட்டலத்தில் உங்கள் காய்க்கு என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. கரண்டியில் அள்ளாமல் சின்னத் தராசில் நிறுத்துப் போடுங்கள். தூள் முழுக்கக் கரையாது, அடியில் தங்கும். அதனால் அடிக்க அடிக்கத் தெளிப்பானைக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இலையின் அடிப்பக்கம் முக்கியம், அங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறோம்.

போர்டோ கலவை வீட்டிலேயே செய்யலாம். 1 சதவீதத்துக்கு 10 லிட்டர் தண்ணீர், 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியாக 5 லிட்டரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு கூடாது. பளபளப்பான இரும்பு ஆணியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். செய்த அன்றே அடித்து முடித்துவிட வேண்டும். நாலைந்து செடிக்கு இவ்வளவு பாடு வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

நாள் பார்ப்பதில்தான் நான் இப்போது அதிகக் கவனம் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரைதான் மழை கடுமை. அடுத்த இரண்டு நாள் மழை என்று முன்னறிவிப்பு வந்தால், அதற்கு முன் வெயில் இருக்கும் காலையில், அல்லது இருட்டும் முன் காய்ந்துவிடுமளவு நேரம் பார்த்து மாலையில் அடித்துவிடுவேன். இலையில் மருந்து காயாமல் ஈரமாகவே கிடந்தால், அதுவும் குளிரில், இலை தீய்ந்துவிடும். புளித்த மோரோடு சேர்த்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். புளிப்பில் தாமிரம் ஒரேயடியாகக் கரைந்து இலையைச் சுட்டுவிடும். சூடோமோனாஸ் போன்ற உயிர் மருந்துகளோடும் கலக்காதீர்கள், அந்த நுண்ணுயிரியே செத்துப்போகும்.

சாப்பிடும் காய்க்கு ஆபத்தா? சொன்ன அளவில் அடித்து, பொட்டலத்தில் போட்டிருக்கும் இடைவெளி நாட்கள் விட்டுப் பறித்து, நன்றாகத் தேய்த்துக் கழுவினால் பயப்பட வேண்டியதில்லை. கீரைக்கு நான் அடிப்பதே இல்லை, அங்கே இலையைத்தானே சாப்பிடுகிறோம். அடிக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மயில்துத்தம் கண்ணில் பட்டால் பெரிய தீங்கு. மருந்துப் பொட்டலம் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. தெளிப்பானைக் கழுவிய தண்ணீர் மீன் இருக்கும் தாமரைத் தொட்டிப் பக்கம் போகவே கூடாது.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது மண். தாமிரம் ஓர் உலோகம், மட்கிப் போகாது. வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவையும் வேரையும் கெடுக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு ஹெக்டேருக்கு 7 வருடத்தில் மொத்தம் 28 கிலோ தாமிரத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். நம் பையில் இருப்பதோ ஒரு கூடை மண். ஆகவே ஒரு பருவத்துக்கு மூன்று தடவைக்கு மேல் நான் அடிப்பதில்லை. அடிக்கும்போது பையின் வாயைப் பழைய சாக்கால் மூடிவிடுகிறேன்.

மருந்தின் தேவையையே குறைக்க வழி இருக்கிறது. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் என்ற தக்காளி ரகம் இலைச் சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன் இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். அர்கா அபேத் பின் இலைக்கருகலையும் தாங்கும். மழைக்காலத்துக்கு நான் இப்போது இதைத்தான் நடுகிறேன். பைகளுக்கு நடுவே ஒன்றரை அடி இடம் விட்டு, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, காலையில் வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

உங்கள் செடிகளுக்கு இப்போதைக்கு: இலை காய்ந்திருக்கும் நேரத்தில் கருகியதை எல்லாம் வெட்டிப் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுத்துவிடுங்கள், கம்போஸ்ட்டில் போட வேண்டாம். தண்டே கறுத்த செடியை வேரோடு எடுத்துவிடுங்கள். மீதிச் செடிகளுக்கு அடுத்த வெயில் நாளில் ஒரு தடவை, சொன்ன அளவு மட்டும் அடியுங்கள்.