ராட்டின வரிசையில் வெயிலைத் தாங்க என்ன வழி?

ஏப்ரலில் குழந்தைகளோடு பாலக்காட்டு மலம்புழா பூங்காவுக்குப் போகிறோம், ராட்டின வரிசையில் சூட்டை எப்படித் தாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாலக்காடு சித்தூர்க்காரன். இங்கே கோடையில் 40 டிகிரி புதிதல்ல.

கைவிசிறியை மட்டும் நம்பாதீர்கள். நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாக இருந்தால், விசிறுவது அடுப்பு அனலை முகத்தில் வாங்கிக்கொள்வதுபோலத்தான். தோல் நனைந்திருந்தால் கதையே வேறு. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 1 கலோரி போதும். ஆவியாக்க ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். அந்தச் சூட்டை ஈரம் நம் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

அதனால் ஆளுக்கொரு தோர்த்து, அதாவது கேரளத்து மெல்லிய பருத்தித் துண்டு. நனைத்து, சொட்டாமல் பிழிந்து, பிடரியில் போடுங்கள். பூத்துண்டு வேண்டாம், கனம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் வறண்ட காற்று அடித்தால் சீக்கிரமே தோர்த்தின் ஓரம் மொடமொடவென்று ஆகிவிடும். அப்போது மறுபடி நனைக்க வேண்டியதுதான். கொச்சிப் பக்கத்துப் புழுக்கத்தில் இது இவ்வளவு எடுபடாது.

குடிக்க உப்புப் போட்ட சம்பாரம் (நீர்மோர்), தாகம் எடுக்கும் முன்பே. அப்புறம், குழந்தை தலை சுற்றுகிறது என்றால் வரிசையை விட்டு உடனே நிழலுக்கு வந்துவிடுங்கள்.