‘வக்கீலம்மா, சார் வரலையா?’ – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடலூரில் ஒரு சீனியரிடம் மூன்று ஆண்டாக ஜூனியராக இருக்கிறேன். வாய்தா வாங்குவதும் நகல் மனு போடுவதும்தான் எனக்கு. எனக்குப் பின்னால் சேர்ந்த பையன் கிராஸ் (குறுக்கு விசாரணை) செய்கிறான். எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டிலேயே என்னை ‘பாப்பா’ என்கிறார். சொன்னால் ‘இதுக்கெல்லாமா?’ என்பார்கள். என்ன செய்ய? – பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: ‘பாப்பா’வைவிட முதலில் சொன்னதுதான் பெரியது. அது உங்கள் தொழிலையே முடக்கும். ஆனால் மனத்தாங்கலாகச் சொன்னால் எடுபடாது, கணக்காகச் சொல்ல வேண்டும். கேஸ் டைரியில் இரண்டு மாதம், ஒவ்வொரு வழக்குக்கும் எதிரே அன்று யார் எதைச் செய்தார்கள் என்று குறியுங்கள்: வாய்தா, மனு, கிராஸ், வாதம். உங்கள் பெயருக்கு நேரே வாய்தா மட்டுமே நிற்கிறதென்றால் பிறகு சீனியரிடம் பேசுங்கள். காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரம் வேண்டாம், கட்சிக்காரர் இருக்கும்போது கூடவே கூடாது. மாலையில், மறுநாள் வழக்குக் கட்டுகளை எடுத்து வைத்த பிறகு பேசுங்கள். ‘எனக்குத் தர மாட்டேங்கறீங்க’ என்று ஆரம்பித்தால் சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார். ‘சார், இந்தப் பாகப்பிரிவினை கேஸ்ல பி.டபிள்யூ.2-வை (வாதி தரப்பு இரண்டாம் சாட்சியை) நான் கிராஸ் பண்றேன். கேள்விகளை எழுதியிருக்கேன், திருத்திக் கொடுங்க’ என்று தாளோடு போங்கள். மறுப்பதானால் அவர் காரணம் சொல்லியாக வேண்டும். டைரியை அப்போது எடுங்கள்.

‘பாப்பா’வுக்கு எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள், நீதிபதியைப் பாருங்கள். ‘என்னைப் பிரதிவாதி தரப்பு வழக்கறிஞர் என்றே குறிப்பிடும்படி வேண்டுகிறேன்.’ அவ்வளவுதான். உடனே வழக்குக்குள் போய்விடுங்கள். நீட்டினால் இரண்டு வக்கீல் சண்டையாகிவிடும். வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது அதைவிட மோசம்: அரை மணியில் அணி பிரிந்து, பேச்சு உங்கள் நடத்தைக்கே திரும்பும்.

‘பாப்பா’ ஒன்றை மட்டும் வைத்துப் புகார் நிற்பது கடினம். சேம்பரில் (சீனியரின் அலுவலகத்தில்) பேச்சு பாலியல் ரீதியாகப் போனால் கதை வேறு. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது புகாருக்குரியது, சம்பளம் வாங்காத பயிற்சியாளரும் அதில் அடக்கம். பத்துப் பேருக்குக் குறைவான சேம்பரில் புகாரை விசாரிக்கும் உள் குழு இருக்காது, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம் கெடு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் வரை தரலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

கேள்வி: புதிதாக பார் ரூமுக்கு (கோர்ட்டில் வக்கீல்கள் கூடும் அறை) போனேன். ‘எந்த ஊர்?’ என்கிறார்கள், அடுத்து ‘ஊர்ல எந்தப் பக்கம், எந்தத் தெரு?’ என்கிறார்கள். எதற்கென்று தெரிகிறது. – ஓர் இளம் வழக்கறிஞர், புதுச்சேரி

பதில்: ஊருக்குப் பதில் சொல்லலாம். தெருவுக்கு ‘எதுக்குக் கேக்கறீங்க?’ என்று சிரிக்காமல் கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்லப் பெரும்பாலோருக்குத் துணிவு வராது.

வெறும் விசாரிப்பு குற்றமாகாது. நீங்கள் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினராக இருந்து, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத ஒருவர் பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1) பிரிவு வரும். இடம்தான் இதில் சிக்கல். நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது பேசியது பொதுப் பார்வையில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. ஆகவே எங்கே, எத்தனை மணிக்கு, யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். வக்கீலின் தொழில் நடத்தை பற்றிய புகார் என்றால் வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவின்படி தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் போகும்.

கேள்வி: என் ஜூனியர் பெண் கெட்டிக்காரர். கட்சிக்காரர்களோ ‘ஆம்பள வக்கீல் யாரும் இல்லையா?’ என்கிறார்கள். அவர் முன்னால் நான் என்ன சொல்வது? – ஒரு சீனியர், கடலூர்

பதில்: ‘இந்தக் கேஸை நடத்துறவங்க அவங்கதான். உங்க கட்டு முழுக்க அவங்களுக்குத்தான் தெரியும்’ என்று அங்கேயே சொல்லுங்கள். ‘நானும் பார்த்துக்கறேன்’ என்று ஒட்டுப் போடாதீர்கள், கட்சிக்காரர் அதை மட்டும்தான் கேட்பார். வக்காலத்தில் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். பீஸ் பேசும்போது அவரையும் உட்கார வையுங்கள், டீ சொல்ல வேறு ஆளை அனுப்புங்கள்.